கோல்ஃப் கணக்கும் எங்கள் மாவட்டக் கணக்கும்

(நூற்றாண்டு நிறைவையொட்டிச் சாம்பல்தீவில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில், மருத்துவத்துறையிலுள்ள பழைய மாணவிகளின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



'விளையாட்டும் வாழ்வும்' என்ற தலைப்பை விழாக் குழுவினர் எங்களிடம் தந்தார்கள். வலைப்பந்தைப் பற்றியோ, எல்லேயைப் பற்றியோ, இல்ல விளையாட்டுப் போட்டிகளின் அஞ்சல் ஓட்டத்தைப் பற்றியோ பேசுவோம் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். நாங்கள் பேச வந்திருப்பது கோல்ஃப் பற்றி. சிரிப்பொலி கேட்கிறது, சிரிக்கலாம். இந்தப் பாடசாலையில் படித்த எவரும் கோல்ஃப் மட்டையைக் கையில் பிடித்து வளர்ந்தவர் அல்லர்.

ஆனால் இன்று பிற்பகல் பொதுக்கூட்டத்தில் நாம் ஒரு தீர்மானம் எடுக்கவிருக்கிறோம். நூற்றாண்டு நினைவாக ஆண்டுதோறும் வழங்கப்போகும் பரிசு யாருக்கு உரியது என்பதே அது. உயர்தரப் பரீட்சையில் முதலாவதாக வரும் மாணவிக்கா, கடினமான நிலையிலிருந்து மேலெழும் மாணவிக்கா என்று மூன்று மாதங்களாகச் செயற்குழுவில் வாதம் நடக்கிறது. இதே வாதத்தை நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடத்தி, ஓரளவு நல்ல விடையையும் கண்டுபிடித்த விளையாட்டு கோல்ஃப். அதனாலேயே இந்தத் தலைப்பு.

கோல்ஃப் நமக்கு அவ்வளவு தூரத்து விளையாட்டும் அல்ல. துறைமுகத்தின் அந்தப் பக்கம், சீனக்குடாவில், விமானப்படையினர் நடத்தும் ஈகிள்ஸ் கோல்ஃப் மைதானம் இருக்கிறது. இலங்கையில் கோல்ஃப் மைதானங்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். அவற்றுள் ஒன்று நம் மாவட்டத்தில் உண்டு. கொழும்பில் 1879 இல் தொடங்கிய கழகமும் நுவரெலியாவில் 1889 இல் தொடங்கிய கழகமும் இன்றுவரை இயங்குகின்றன. அவற்றைத் தொடங்கியவர்கள் வெள்ளைக்காரத் துரைமாரும் இராணுவத்தினரும். அவர்களுடைய பைகளைச் சுமந்து பின்னால் நடந்தவர்கள் நம் நாட்டுச் சிறுவர்கள். பின்னாளில் இந்நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்களாக வந்தவர்களில் பலர் அப்படிப் பை சுமந்து விளையாட்டைக் கண்ணால் படித்தவர்களே.

விளையாட்டின் அடிப்படை எளிது. மைதானத்தில் 18 குழிகள். ஒவ்வொரு குழிக்கும் தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் எத்தனை அடியில் பந்தை உள்ளே சேர்க்க வேண்டும் என்று ஓர் எண் உண்டு. அதற்குப் 'பார்' என்று பெயர். சில குழிகளுக்கு 3, பலவற்றுக்கு 4, சிலவற்றுக்கு 5. பதினெட்டையும் கூட்டினால் பெரும்பாலான மைதானங்களில் 70 முதல் 72 வரை வரும். அடித்த அடிகளை எண்ணுகிறோம். யாருடைய எண்ணிக்கை குறைவோ அவருக்கு வெற்றி.

அப்படியானால் முப்பது வருடம் ஆடியவரும் போன வருடம் தொடங்கியவரும் எப்படிச் சேர்ந்து ஆடுவது? நம் முற்றத்து விளையாட்டுகளில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தோம். சின்னப் பிள்ளை அழுதால் 'ஒப்புக்குச் சப்பாணி' என்று சேர்த்துக்கொள்வோம். அந்தப் பிள்ளை ஓடும், தொடும், சிரிக்கும். ஆனால் அது தோற்றாலும் கணக்கில்லை, வென்றாலும் கணக்கில்லை. ஆட்டத்தில் இடம் உண்டு, எண்ணிக்கையில் இடம் இல்லை.

கோல்ஃப் கண்டுபிடித்த வழி வேறு. அதற்கு ஹண்டிகப் என்று பெயர். பார் 72 உள்ள மைதானத்தில் ஹண்டிகப் 4 உள்ள அக்கா ஒருவரும் ஹண்டிகப் 22 உள்ள தங்கை ஒருவரும் ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அக்கா 78 அடியில் முடிக்கிறார், தங்கை 93 அடியில் முடிக்கிறாள். அவரவர் ஹண்டிகப்பைக் கழித்தால் அக்காவுக்கு 74, தங்கைக்கு 71. தங்கை வென்றாள். இது இரக்கப்பட்டுக் கொடுத்த வெற்றி அல்ல. தங்கை அன்று தன் தகுதிக்கு மேலே ஆடினாள். அக்கா தன் தகுதிக்குக் கீழே ஆடினார். அந்த உண்மையை இந்தக் கணக்கு சொல்கிறது. தங்கை இங்கே ஒப்புக்குச் சப்பாணி அல்ல. அவளுடைய ஒவ்வோர் அடியும் எண்ணப்பட்டது.

வைத்தியர்களாகிய எங்களுக்கு அந்தச் சொல்லின் வரலாறும் கவனத்துக்குரியது. உடற்குறைபாட்டைக் குறிக்க ஒரு காலத்தில் மருத்துவத்திலும் புழங்கி, இப்போது நாம் தவிர்க்கும் ஆங்கிலச் சொல் இதுவே. ஆனால் அது பிறந்த இடம் வேறு. இங்கிலாந்தில் இருவர் தம் பொருள்களைப் பண்டமாற்றுச் செய்யும்போது, மதிப்பு வித்தியாசத்தை நடுவர் ஒருவர் சொல்வார். பந்தயக் காசை ஒரு தொப்பிக்குள் கைவிட்டு வைப்பார்கள். 'தொப்பிக்குள் கை' என்பதே சொல்லின் மூலம். பிறகு குதிரைப் பந்தயத்தில் வலிய குதிரையின் முதுகில் கூடுதல் பாரம் ஏற்றிச் சமன் செய்யும் முறைக்கு அந்தப் பெயர் வந்தது. குறைபாட்டைக் குறிக்கும் பொருள் அதற்குப் பிறகு ஒட்டிக்கொண்டது. நடுவர் நின்று இரு பக்கத்தையும் சமமாக்குவதே சொல்லின் முதற்பொருள்.

பழைய மாணவிகள் சங்கத்தில் சொல்லியே ஆகவேண்டிய இன்னொரு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரித்தானியாவின் ஆண்கள் கழகங்களில் ஹண்டிகப் இருந்தது. ஆனால் கழகத்துக்குக் கழகம் வேறுபட்டது. ஓரிடத்தில் 10 என்றவர் இன்னோரிடத்தில் 16. 1893 இல் பெண்கள் தமக்கென லேடீஸ் கோல்ஃப் யூனியனை அமைத்து, அதே ஆண்டு முதலாவது தேசியப் போட்டியையும் நடத்தினார்கள். பெண்களின் போட்டி நீடிக்காது என்று அக்காலத்துப் பிரபல ஆட்டக்காரரும் எழுத்தாளருமான ஹொரேஸ் ஹட்சின்சன் கடிதம் எழுதினார். அந்தச் சங்கத்தின் செயலாளராக இருந்தவர் இசெட் பியர்சன். முதல் இரண்டு தேசியப் போட்டிகளிலும் இறுதியாட்டம் வரை வந்து, இரண்டிலும் மார்கரட் ஸ்கொட்டிடம் தோற்றவர். அவர் தம் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டது கிண்ணத்தை அல்ல, கணக்கை. நாடெங்கும் உள்ள பெண்கள் கழகங்களுக்கு ஒரே ஹண்டிகப் முறையை அவரும் தோழியரும் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். அங்கு ஆண்களுக்கு நாடு தழுவிய பொதுமுறை 1920களிலேதான் அமைந்தது. பெண்கள் சங்கமொன்றின் செயலாளர் பதிவேட்டை ஒழுங்காக வைத்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது சான்று. எங்கள் செயலாளர் அக்கா மேடையில் இருக்கிறார். அவருக்கும் இது பொருந்தும்.

இன்றைய முறைக்கு வருவோம். 2020 முதல் உலகம் முழுவதற்குமான ஒரே ஹண்டிகப் முறை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ஆறு வேறுபட்ட முறைகள் இருந்தன. ஆணுக்கும் பெண்ணுக்கும் இப்போது ஒரே உச்சவரம்பு, 54. இம்முறையில் நாங்கள் முக்கியமாகக் காணும் மூன்று விடயங்களைச் சொல்கிறோம்.

முதலாவது, ஒருவருடைய கடைசி 20 ஆட்டங்களில் மிகச் சிறந்த எட்டை மட்டும் எடுத்து அவற்றின் சராசரியைப் பார்க்கிறார்கள். இருபதின் சராசரியை அல்ல. அதாவது ஹண்டிகப் என்பது 'நீ வழக்கமாக எப்படி ஆடுகிறாய்' என்பதைச் சொல்லவில்லை. 'நீ நன்றாக ஆடும் நாளில் எதுவரை எட்டுவாய்' என்பதைச் சொல்கிறது. ஈழை வருத்தமுள்ள பிள்ளைகளுக்கு நாங்கள் ஒரு சிறு குழாயைக் கொடுத்து ஊதச் சொல்வோம். அதில் பதிவாகும் எண்ணைப் பக்கத்துக் கட்டில் பிள்ளையின் எண்ணோடு ஒப்பிடுவதில்லை. அந்தப் பிள்ளை உடல்நலத்தோடிருந்த நாளில் எட்டிய உச்ச அளவை எழுதிவைத்து, இன்றைய ஊதல் அதில் நூற்றுக்கு 80 க்கு மேல் இருக்கிறதா என்று பார்ப்போம். ஒருவரை அவருடைய சொந்த உச்சத்தோடு ஒப்பிடுவது மருத்துவத்துக்குப் பழகிய முறை.

இரண்டாவது, மைதானத்தின் கடினத்தையும் கணக்கில் எடுக்கிறார்கள். தேர்ந்தவருக்கு ஒரு மைதானம் இரண்டு அடி கடினமாக இருந்தால், புதியவருக்கு அது எட்டு அடி கடினமாக இருக்கலாம். நீர்நிலையும் மணற்குழியும் எல்லோருக்கும் ஒரே அளவு தொல்லை தருவதில்லை. இதை எண்ணாக்கும் வழியை வகுத்தவர் அமெரிக்கக் கடற்படை அதிகாரியாக இருந்த டீன் நுத். 'ஸ்லோப்' எனப்படும் அந்த எண் 55 இலிருந்து 155 வரை போகும். நடுத்தர மைதானத்துக்கு 113. ஹண்டிகப் அளவு 20 உள்ள ஒருவருக்கு ஸ்லோப் 130 உள்ள மைதானத்தில் 23 அடிகள் கிடைக்கும். ஸ்லோப் 100 உள்ள இலகுவான மைதானத்தில் 18 அடிகள்தான். (20 ஐ 130 ஆல் பெருக்கி 113 ஆல் வகுத்துப் பாருங்கள். கணித ரீச்சர் தலையசைக்கிறார்.)

மூன்றாவது, அன்றைய நாளையும் கேட்கிறார்கள். கடுங்காற்றாலோ மழையாலோ அன்று ஆடியவர்களின் எண்ணிக்கைகள் வழக்கத்துக்கு மாறாகக் கூடியிருந்தால், அந்த நாளின் கணக்கில் ஒன்றிலிருந்து மூன்று அடி வரை ஈடு செய்யப்படும். எல்லோருக்கும் வழக்கத்தைவிட இலகுவாக அமைந்த நாளானால் ஓர் அடி மறுபக்கம் போகும். காற்றைப் பற்றி எவரும் முறையிட வேண்டியதில்லை; எண்களே சொல்லிவிடும்.

இப்போது எங்கள் மாவட்டத்துக் கணக்குக்கு வருகிறோம். இங்கே இருக்கும் பலர் இந்தக் கணக்கால்தான் இன்று இருக்கும் இடத்தில் இருக்கிறோம்.

2001/2002 கல்வியாண்டு முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி வந்தது. பேராதனைப் பல்கலைக்கழகப் புள்ளிவிபரவியல் பேராசிரியர் தட்டில் முன்வைத்த முறை அது. ஒரு பாடத்தில் நீங்கள் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து நியம விலகலால் வகுப்பார்கள். ஓர் உதாரணம். கடினமான பாடத்தின் சராசரி 40, விலகல் 15; நீங்கள் 70 எடுத்தால் இசட் புள்ளி 2. இலகுவான பாடத்தின் சராசரி 60, விலகல் 20. 80 எடுத்தாலும் இசட் புள்ளி 1 தான். வினாத்தாள் என்ற மைதானத்தின் கடினத்தை அளந்து சமன் செய்வது இது. ஏறத்தாழ ஸ்லோப் செய்யும் வேலை.

அதற்கு மேல் மாவட்ட ஒதுக்கீடு. மருத்துவம், பொறியியல் போன்ற பாடநெறிகளில் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமையின்படி. 55 இடங்கள் மாவட்டங்களுக்குச் சனத்தொகையின்படி. மிகுதி 5 இடங்கள் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் திருகோணமலையும் ஒன்று. எங்களில் மருத்துவ பீடம் சென்றவர்களில் கணிசமானோர் மாவட்டத்தின் வழியாகப் போனவர்கள். அதைச் சொல்ல எங்களுக்குத் தயக்கம் இல்லை. ஆனால் பீடத்துக்குள் நுழைந்த முதல் மாதங்களில் 'கோட்டாவில் வந்தவர்கள்' என்ற சொல்லைக் கேட்டோம். சிரித்துக்கொண்டு சொல்லப்பட்ட சொல். ஆனால் அறைக்குத் திரும்பிப் புத்தகத்தைத் திறக்கும்போது அது பக்கத்தில் வந்து உட்காரும். அந்தச் சொல்லுக்கு விடை தேடியபோதுதான் கோல்ஃப் கணக்கு எங்களுக்கு உதவியது.

விடை இதுதான். ஹண்டிகப்பில் கிடைக்கும் அடிகள் ஒருவரின் பிறப்புக்குத் தரப்படுவதில்லை. அவர் கையொப்பமிட்டு ஒப்படைத்த அட்டைகளிலிருந்து வருகின்றன. இந்த வேறுபாட்டைத் தமிழ் மாணவர் சமூகம் கசப்போடு அறியும். 1970 இல் வந்த தரப்படுத்தலில், மருத்துவ பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 புள்ளி போதுமாக இருந்தபோது தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 வேண்டியிருந்தது. ஆட்டக்காரரின் அட்டையைப் பாராமல் அவர் பேசும் மொழியைப் பார்த்து அடிகளைக் கூட்டுவதும் குறைப்பதும் எந்த மைதானத்திலும் ஹண்டிகப் ஆகாது. பின்னர் வந்த மாவட்ட முறை யாழ்ப்பாணத்து மாணவர் பலரின் வாய்ப்பைக் குறைத்தது; எங்கள் மாவட்டம் போன்றவற்றுக்குக் கதவைத் திறந்தது. ஒரே வீட்டில் இந்த இரண்டு அனுபவங்களும் உண்டு. இரண்டையும் நாம் சொல்ல வேண்டும்.

மாவட்ட முறைக்கும் குறை உண்டு. அது மாவட்டத்தின் கடினத்தை அளக்கிறது. பிள்ளையின் கடினத்தை அளப்பதில்லை. நகரத்தில் ரியூஷன் வகுப்புக்குப் பக்கத்தில் வசிக்கும் பிள்ளைக்கும், குச்சவெளியிலிருந்து பஸ்ஸில் வந்து போகும் பிள்ளைக்கும் ஒரே வெட்டுப்புள்ளி. வேறு மாவட்டத்தில் நன்றாகப் படித்துவிட்டுப் பரீட்சைக்காக மட்டும் பின்தங்கிய மாவட்டத்துக்கு வந்து எழுத முயல்வோரும் உண்டு. கோல்ஃபிலும் இதே களவு உண்டு. பரிசு இல்லாத நாட்களில் வேண்டுமென்றே மோசமாக ஆடி ஹண்டிகப்பை ஏற்றிவைத்துக்கொண்டு, பரிசு நாளில் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். அதற்காகவே இன்றைய முறையில் கடிவாளங்கள் இருக்கின்றன. ஓராண்டுக்குள் ஒருவர் எட்டிய மிகச் சிறந்த அளவிலிருந்து ஹண்டிகப் 3 க்கு மேல் ஏறத் தொடங்கினால் ஏற்றம் பாதியாகும். 5 க்கு மேல் ஏறவே முடியாது. அபாரமாக ஆடினால் உடனே குறைக்கப்படும். கூட ஆடுபவர்களும் கவனித்துக்கொண்டிருப்பார்கள்.

நாளைப் பற்றிய ஈடோ நம் பரீட்சைக் கணக்கில் இல்லை. 1990 இல் இந்தக் கரையோரக் கிராமங்கள் இடம்பெயர்ந்ததை இங்கிருக்கும் மூத்த அக்காமார் அறிவார்கள். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் என்ன செய்தது என்று இந்த ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2006 ஓகஸ்டில் மூதூர் மக்கள் நடந்தே வெளியேறினார்கள். அந்த ஆண்டுகளில் பரீட்சை எழுதிய ஒரு பிள்ளையின் பெறுபேற்றுப் பத்திரத்தில் பாடங்களும் பெறுபேறுகளும் இருக்கும். அன்று எந்தக் காற்று வீசியது என்று எழுத அதில் இடம் இல்லை. அதை எழுதிவைக்கும் வேலை பாடசாலைக்கும் நம் சங்கத்துக்கும் உரியது.

இனி, ஹண்டிகப் நிற்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். தேசியச் சம்பியன்ஷிப்பில் ஹண்டிகப் கிடையாது. இலங்கையின் தேசிய அமெச்சூர் போட்டியாகட்டும், ஆசிய விளையாட்டு விழாவாகட்டும், அங்கே எவருக்கும் ஓர் அடியும் கழிக்கப்படாது. இதை 'ஸ்கிராட்ச்' ஆட்டம் என்பார்கள். ஸ்கிராட்ச் என்றால் கீறல். பழைய ஓட்டப் பந்தயங்களில் நிலத்தில் கீறிய தொடக்கக் கோடு அது. எந்த முன்விடுகையும் பெறாதவர் அந்தக் கோட்டிலிருந்து ஓடுவார். 2002 இல் பூசான் ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கையின் அனுர ரோகண தனிநபர் கோல்ஃபில் வெள்ளிப் பதக்கம் வென்றது அந்தக் கோட்டிலிருந்து. நம் நாட்டுத் தொழில்முறை ஆட்டக்காரர் தங்கராஜா இந்தியச் சுற்றுப் போட்டிகளில் ஆடுவதும் அந்தக் கோட்டிலிருந்துதான். 2021 இல் டோக்கியோவில் இந்தியாவின் அதிதி அசோக் நான்காம் இடம் வந்து மயிரிழையில் பதக்கத்தைத் தவறவிட்டதும் அந்தக் கோட்டிலிருந்தே.

ஹண்டிகப் 36 என்று தொடங்கிய ஒரு பிள்ளை ஹண்டிகப் இல்லாமல் அந்தக் கோட்டில் வந்து நிற்பதுதான் இந்த முறையின் வெற்றி. இடைப்பட்ட வருடங்களில் அவள் ஒவ்வோர் ஆட்டத்திலும் உண்மையாகப் போட்டியிட்டாள், சில நாள் வென்றாள், அதனால் விளையாட்டை விட்டுப் போகவில்லை. அவளைக் கோட்டுக்குக் கொண்டுவந்தது அதுவே.

எங்கள் கதையும் அப்படித்தான். மாவட்ட ஒதுக்கீடு எங்களைப் பீடத்தின் வாசல் வரைதான் கொண்டுபோனது. உள்ளே உடற்கூற்றியல் பரீட்சையில் திருகோணமலைக்கு வேறு வினாத்தாள் இல்லை. இறுதி எம்.பி.பி.எஸ். பரீட்சையில் மாவட்டம் கேட்கப்படவில்லை. பட்டமேற்படிப்பு மருத்துவ நிறுவகத்தின் பரீட்சைகளில் எந்தப் பாடசாலை என்று எவரும் கேட்கவில்லை. நள்ளிரவில் வாட்டுக்கு வரும் நோயாளியின் இதயமும் 'டொக்டர் எந்த மாவட்டத்துக் கோட்டா' என்று விசாரித்துவிட்டு நிற்பதில்லை. நாங்கள் அந்தப் பரீட்சைகளை எல்லோருடனும் சேர்ந்து, கீறிய கோட்டில் நின்று எழுதினோம்; தேறினோம். அதனால் பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்: மாவட்டத்தின் வழியாக இடம் கிடைத்தால் தலை நிமிர்ந்து போங்கள். அது உங்களை நுழைய விட்டது, தேறப்போவது நீங்கள். கிடைத்த இடத்துக்கு ஈடாகப் படிப்பது மட்டுமே உங்கள் கடன்.

அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோல்ஃபில் உங்கள் அடிகளைக் கூட ஆடுபவர் குறிப்பார். நீங்கள் சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும். 1968 இல் அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் போட்டியில் ஆர்ஜென்டீனாவின் ரொபேர்ட்டோ டி விசென்சோ 17 ஆவது குழியை 3 அடியில் முடித்தார். குறித்தவர் 4 என்று எழுதினார். டி விசென்சோ கவனியாமல் கையொப்பமிட்டார். எழுதியதே நின்றது. அந்த ஓர் அடியால் அவர் வெற்றிக்கான மேலதிக ஆட்ட வாய்ப்பை இழந்தார். வாட்டில் 'பெட் ஹெட் டிக்கெட்' எழுதும் தாதியரும் வைத்தியரும் இதைக் கேட்டுத் தலையசைப்பார்கள். கொடுத்த மருந்தாயினும் எழுதாவிட்டால் கொடுக்காததே. பிள்ளைகளின் தவணைப் புள்ளிகளும் அப்படித்தான். இரக்கத்தில் ஐந்து புள்ளி கூட்டிப் போட்டாலும், கண்டிப்பில் ஐந்து குறைத்துப் போட்டாலும், அந்தப் பிள்ளையின் உண்மையான நிலை நமக்குத் தெரியாமல் போய்விடும். தெரியாவிட்டால் உதவவும் முடியாது.

முதன்முறை உயர்தரத்தில் தவறிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்காகவும் ஒன்று. கோல்ஃபில் ஸ்டேபிள்ஃபோர்ட் என்றொரு புள்ளிமுறை உண்டு. வகுத்தவர் பிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட், எங்களைப் போல் ஒரு வைத்தியர். இராணுவ மருத்துவப் படையில் சேவை செய்த சத்திரசிகிச்சை நிபுணர். முதலில் 1898 இல் வேல்ஸிலும், பின்னர் 1932 இல் லிவர்பூலுக்கு அருகே வொலசியிலும் அதை நடைமுறைப்படுத்தினார். அடிகளைக் கூட்டுவதற்குப் பதில் குழிக்குக் குழி புள்ளி தருவார்கள். ஹண்டிகப்பைக் கழித்தபின் பார் எடுத்தால் 2 புள்ளி. ஓர் அடி கூடினால் 1. ஓர் அடி குறைந்தால் 3. இரண்டடியோ அதற்கு மேலோ கூடினால் பூச்சியம். பூச்சியத்துக்குக் கீழே எதுவும் இல்லை. ஒரு குழியில் பத்து அடி போனாலும் அந்தக் குழியோடு நட்டம் முடிந்தது. அடுத்த குழியில் முழு 2 புள்ளி காத்திருக்கிறது. அதற்கு முன் ஒரு மோசமான குழியால் மனமுடைந்து அட்டையைக் கிழித்துவிட்டுப் போனவர்கள் பலர். உயர்தரத்துக்கு மூன்று தடவை தோற்ற இடம் உண்டு. முதல் தடவை பூச்சியமானாலும் அது அந்தக் குழியின் கணக்கு மட்டுமே. அட்டையைக் கிழிக்க வேண்டாம்.

ஆகவே பொதுக்கூட்டத்துக்கு எங்கள் முன்மொழிவு. கோல்ஃப் கழகங்களில் மாதாந்தப் போட்டி முடிந்ததும் இரண்டு பரிசு கொடுப்பது வழக்கம். ஹண்டிகப் கழிக்காமல் மிகக் குறைந்த அடியில் முடித்தவருக்கு ஒன்று. கழித்தபின் மிகக் குறைவாக வந்தவருக்கு மற்றொன்று. இரண்டும் ஒரே மேசையில், ஒரே அளவுக் கிண்ணமாக இருக்கும். நாமும் நூற்றாண்டுப் பரிசை இரண்டாக்குவோம். ஒன்று, உயர்தரத்தில் மிகக் கூடிய இசட் புள்ளி பெறும் மாணவிக்கு. மற்றையது, பன்னிரண்டாம் வகுப்பின் முதல் தவணையிலிருந்து இறுதிப் பரீட்சை வரை தன் சொந்த உச்சத்தைத் தாண்டி மிகத் தூரம் வந்த மாணவிக்கு. தொகையும் பதக்கமும் சமமாக இருக்கட்டும். இரண்டாவது பரிசுக்கு 'ஆறுதல்' என்ற சொல்லை எவரும் பயன்படுத்த வேண்டாம் என்று குறிப்பேட்டில் எழுதிவிடுவோம்.

அதற்கு நேர்மையான அட்டைகள் தேவை. ஒவ்வொரு மாணவியின் தவணைப் புள்ளிகளையும், பாடசாலைக்கு வர இயலாமற்போன நாட்களையும் காரணங்களையும் ஒரு பதிவேட்டில் வைக்க ரீச்சர்மார் இணங்க வேண்டும். புள்ளிகளைச் சராசரியோடும் விலகலோடும் கணக்கிட்டுத் தரும் வேலையை மருத்துவத்துறையிலுள்ள பழைய மாணவிகளாகிய நாங்கள் ஒவ்வோர் ஆண்டும் பொறுப்பேற்கிறோம். இரண்டாவது பரிசின் முதல் பத்தாண்டுத் தொகையையும் நாங்களே தருகிறோம். அது எங்கள் மாவட்டம் எங்களுக்குக் கழித்துத் தந்த அடிகளுக்காக நாங்கள் திருப்பிச் செலுத்தும் ஒரு சிறு பகுதி.

செயலாளர் அக்கா பிரேரணையை வாசிக்கும்போது ஆதரவாகக் கை உயர்த்துமாறு அனைவரையும் வேண்டுகிறோம்.